கிளுவைப் போத்து

கணவரை அடக்கம் பண்ணி எட்டு நாள் கழித்து அவர் தலைமாட்டில் சிலுவை நட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் சௌந்திரம் போய்ப் பார்த்தபோது அந்தச் சிலுவையின் உச்சியில் சாணி அப்பியிருந்தது.

பச்சைச் சாணி. ஒரு கைப்பிடி உருட்டி வைத்து, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தி, வழவழவென்று வழித்துவிட்டிருந்தது. மாடு உரசிப் போனது என்றோ, காக்கை கொண்டுவந்து போட்டது என்றோ நினைத்துக்கொள்ள வழியில்லை. மனிதக் கை நிதானமாகச் செய்த காரியம். அவள் ஓர் ஓட்டாஞ்சில்லை எடுத்துச் சாணியைச் சுரண்டி எறிந்தாள். சுரண்டிய இடத்தை முந்தானையால் துடைத்தாள். அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் அவளுக்குத் தெரியும்.

சிலுவை செய்தவன் வேலி கட்டுகிற சடையன். அந்த வட்டாரத்தில் யார் காட்டுக்கு வேலி போடுவதென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சௌந்திரம் அவனிடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும், பட்டை சீவியிருக்க வேண்டும், கரையான் ஏறாமல் அடியைத் தீயில் கருக்கி நட வேண்டும், பத்து வருஷமாவது நிற்க வேண்டும். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டவன், செய்துகொண்டு வந்தது காட்டு வேலிகளில் நிற்கிற பச்சைக் கிளுவை. கைப் பருமனில் ஒரு கிளை. முட்களைக் கழித்துவிட்டு, குறுக்கே இன்னொரு துண்டை வைத்துக் கத்தாழை நாரால் கட்டியிருந்தான். அன்றைக்கே அவளுக்கு மனம் சுருக்கென்றது. துக்க வீட்டில் நின்று தகராறு பண்ண வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இப்போது சாணி வேறு.

நேரே அவன் வீட்டுக்குப் போனாள். வாசலில் குந்தி உட்கார்ந்து கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். சிலுவை மேல் சாணி வைத்தது யார் என்று கேட்டாள்.

"நாந்தானுங்க" என்றான். மறைக்கிற முகமே இல்லை. "வெட்டுவாய் காஞ்சுபோயிருமுங்களே."

"அது சிலுவை, சடையண்ணா."

அவன் கொடுவாளைக் கீழே வைத்தான். அப்போதுதான் தான் செய்தது அவனுக்கே தெரிந்த மாதிரி இருந்தது.

"நெனச்சுச் செய்யலீங்க, வாத்தியாரம்மா. கையி பழகிப்போச்சு. காஞ்ச கட்டைதான் தேடுனேன், கெடைக்கல. கிளுவை கெடைச்சுது. கையில கிளுவை வந்தா அடியச் சாய்ச்சு வெட்டி, நட்டுப்போட்டு, தலையில சாணி வெக்கிறதுதான். முப்பது வருசமா அதேதானுங்க."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி பொன்னாயி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க ஊட்டுக்காரன் சாணி இல்லாம ஒரு குச்சி நட்டதில்ல சாமி. என்னையக் கட்டுறப்பவும் தலையில அப்பியிருப்பான். எங்கப்பன் பக்கத்துல நின்னாரு, அதுனால தப்பிச்சேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் சௌந்திரம் சிரித்திருப்பாள். அன்றைக்குத் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு நாலு மாதம் சடையனோடு பேசவில்லை.

அவள் அந்த மண்ணில் பிறந்தவள் அல்ல. சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்து, ஏழு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் மிஷன் விடுதிக்கு வந்து, தையலும் வாசிப்பும் கற்று வளர்ந்தவள். காட்டு வேலை ஒன்றும் தெரியாது. எருமப்பட்டிக்கு மேற்கே மூன்று கல் தொலைவில் இருந்த இந்தச் சின்ன ஊருக்கு அவளைக் கூட்டி வந்தவர் அவள் கணவர். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துகிறவரும் அவரே. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஏசாயா. ஊர் அவரைப் பிறந்த பெயரிலேயே கந்தவேல் வாத்தியார் என்றது. அவர் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்ப்பார்.

அவர்கள் வந்தபோது அவர்களோடு சேர்த்து ஊரில் நாலு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. மழை பொய்த்த வருஷங்களில் ஒன்று கண்டிச் சீமைக்குப் போனது. ஒன்று ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போனது. இன்னொன்று எங்கே போனது என்றே தெரியவில்லை. கடைசி மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பிரசங்கம் பண்ண ஒருவர், கேட்க ஒருத்தி. ஆனாலும் அவர் அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார்.

ஊர்ச் சுடுகாட்டில் அவர்களுக்கு இடம் கிடையாது. நிலக்காரர் ஒருவர் எப்போதோ விட்டுக்கொடுத்த கால் ஏக்கர் கல்லாங்காடுதான் கல்லறைத் தோட்டம். தோட்டம் என்பது பெயருக்கு. வேலி இல்லை, மரம் இல்லை. அங்கேதான் அவர்களுடைய ஒரே குழந்தை கிருபையைப் புதைத்தார்கள். எட்டு மாதக் குழந்தை, பேதி கண்டு இரண்டு நாளில் போய்விட்டது. தலைமாட்டில் அடையாளமாக ஒரு வெள்ளைக் கல்லை நட்டு வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, எருமப்பட்டி ரோட்டுக்கு ஜல்லி உடைக்க அந்தக் காட்டுக் கல்லையெல்லாம் வண்டி வண்டியாக அள்ளிப்போனார்கள். வெள்ளைக் கல்லும் போனது. சின்னக் குழி, மண்மேடும் ஒரு மழையில் சமமாகிவிட்டது. இவர்கள் ஒரு வாரம் சேலத்துக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால் இடம் தெரியவில்லை. அவர் கிழக்குப் பக்கம் என்றார். அவள் வடக்கே தள்ளி என்றாள். இருவரும் நடந்து நடந்து, அடி வைத்து அளந்து பார்த்தார்கள். கடைசிவரை ஒத்துவரவில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவருக்குக் குழி வெட்டியபோது வடக்கே தள்ளி, தான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தை ஒட்டியே வெட்டச் சொன்னாள். மண்வெட்டி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறும் சுக்கான் கல்தான் வந்தது.

அதனால்தான் பத்து வருஷம் நிற்கிற கட்டை கேட்டாள். ஒன்றைத் தொலைத்தாகிவிட்டது. இன்னொன்றையும் தொலைக்க அவளால் ஆகாது.

சனிக்கிழமைதோறும் விளக்குமாறும் சின்னச் செம்பும் எடுத்துக்கொண்டு அங்கே போவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சிலுவையின் தலையில் புதுச் சாணி இருக்கும். சுரண்டி எறிவாள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் இருக்கும். வைகாசியில் அதன் அடியைச் சுற்றி முள்ளும் சருகும் குவிந்து கிடந்தன. அதையும் அள்ளித் தூரப் போட்டுவிட்டுப் பெருக்கினாள். மறு வாரம் முள் திரும்பவும் வந்திருந்தது. ஊரில் எதிரே வந்தால் சடையன் ஒதுங்கி நின்று கும்பிடுவான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் மேல் அவனுக்கு என்ன பகை என்று அவளுக்குப் புரியவில்லை.

மாலைகள்தான் மோசம். விளக்கு ஏற்றி ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்குக் கண்ணால் கண்டதில் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். முந்தின நாள் சொன்னதைச் சொல்லக் கூடாது. சூரியன், சந்திரன், வடக்கே தெரிகிற கொல்லிமலை இவற்றைச் சொல்லவே கூடாது. அவையெல்லாம் ஆண்டவர் ஊருக்குப் பொதுவாக அனுப்பியவை, நம் வீட்டு விலாசத்துக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று பார் என்பார் அவர். பள்ளிக்கூடத்தின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் இரண்டையும் தேதி போட்டு எழுதி வைப்பார். சௌந்திரம்: துவரஞ்செடியில் சிலந்தி, வலையில் பனித்துளி விழுந்ததும் ஓடிவந்து பார்த்து ஏமாந்து திரும்பியது. நான்: கிணற்றுக்குள் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு, தண்ணீரில் அதன் நிழல். இன்னொரு நாள், சௌந்திரம்: ஒன்றுமில்லை, கோபமாக இருக்கிறேன். நான்: ஆமணக்குக் காய் வெயிலில் வெடிக்கிற சத்தம், அச்சு அசல் சௌந்திரம்.

கடைசியாக எழுதியது மாசி ஐந்தாம் தேதி. சௌந்திரம்: எருமைக் கன்று தன் வால் என்று தெரியாமல் அதைத் துரத்தியது. அதற்கடுத்து நான் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருந்தார். அத்தோடு நின்றிருந்தது. உடம்பு சரியில்லை, என்னுடையதை நாளைக்குச் சொல்கிறேன் என்று படுத்தார். அது மலைக்காய்ச்சல். பதினோரு நாள்.

அவர் போன பிறகு அவள் மாலைதோறும் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். தேதி எழுதுவாள். அன்று பார்த்ததை நினைத்துப் பார்ப்பாள். பார்த்தது எல்லாம் இருக்கும். வேப்பம்பூ கொட்டியிருந்தது, கோடை மழைக்குப் பிறகு பட்டுப்போலச் சிவந்த சின்னப் பூச்சிகள் மண்ணில் ஊர்ந்தன. எல்லாம் கண்ணில் பட்டது. ஆனால் அவளுக்கு வந்ததாக இல்லை. வேறு யார் வீட்டுக்கோ வந்தது வழி தவறி எதிரே கிடந்த மாதிரி இருந்தது. பதிவேட்டை மூடிவிட்டு, மனப்பாடமான ஜெபத்தை வாய்க்குள் சொல்லிப் படுத்துவிடுவாள். சில நாள் அதுவும் இல்லை.

சித்திரைக் கடைசியில் நாமக்கல்லிலிருந்து போதகர் வந்தார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். பள்ளிக்கூடத்துக்கு வேறு வாத்தியாரைப் போடுவதற்கில்லை, மூடத்தான் வேண்டும் என்றார். நாமக்கல்லில் பெண் பிள்ளைகள் விடுதியில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது, ஒரு கிறிஸ்தவப் பெண் இந்த ஊரில் தனியாகக் கிடக்க வேண்டாம், ஆவணி பிறந்ததும் வண்டி அனுப்புகிறேன் என்றார். அவள் சரி என்றாள். கல்லறைக்கு ஒரு கல் வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று விடுதியில் வளர்ந்தவளுக்குத் தெரியும்.

கிளுவைக் கட்டையோ பார்க்கச் சகிக்கவில்லை. பட்டை சுருங்கி, காகிதம் போல உரிந்து தொங்கியது. ஓர் இலை கிடையாது. ஒரு மாரிக் காலம் தாங்காது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அவள் நாமக்கல்லுக்குப் போய், ஒரு வருஷம் கழித்து வந்து பார்த்தால் கட்டை செத்தையாகி விழுந்திருக்கும். மேடு சமமாகியிருக்கும். அவளும் கிழக்கா வடக்கா என்று அடி வைத்து அளந்துகொண்டு நிற்பாள். இந்தத் தடவை கூட நின்று மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

ஆகவே ஆட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருந்த ஒரு பனங்கையை எடுத்தாள். நல்ல வைரம் பாய்ந்த பனங்கை, கூரைக்கென்று அவர் வாங்கி வைத்தது. எருமப்பட்டி ஆசாரியிடம் கொடுத்து அளவாக அறுத்து, குறுக்குக் கட்டை அடித்து வாங்கினாள். ஆனி மாதத்தில் ஒரு காலை நேரம், அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் களைக்கொத்தும் இடுப்பில் ஒரு குடம் தண்ணீருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். நட்டபின் மண்ணைக் கெட்டிக்கத் தண்ணீர். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. முள்ளை விலக்கினாள். தலையிலிருந்த சாணியைக் கடைசித் தடவையாகச் சுரண்டினாள். கிளுவையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பிடுங்கினாள்.

அது வரவில்லை.

காய்ந்த மண் பிடித்திருக்கிறது என்று நினைத்துக் காலை ஊன்றி இழுத்தாள். கட்டை சற்று அசைந்தது. ஆனால் பிடியை விடவில்லை. கீழே ஏதோ மெல்ல நெரிகிற சத்தம் கேட்டது. மண்ணில் இறுகிய குச்சி இப்படி இழுபடாது. கூட்டத்தில் குழந்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே, அந்த மாதிரி இழுபட்டது. அவள் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு மண்டியிட்டுக் களைக்கொத்தால் அடிமண்ணை மெதுவாக விலக்கினாள். ஒரு சாண் ஆழத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. புழு என்று நினைத்து விரலால் தள்ளினாள். நூல் பருமனில் வேர். அதன் பக்கத்தில் இன்னொன்று. சுற்றிலும் ஏழெட்டு. சில, சுக்கான் கல்லின் இடுக்கைத் தேடி நுழைந்திருந்தன. மூன்று வேர் அவள் இழுத்ததில் அறுந்து, அறுந்த வாயில் ஈரம் துளிர்த்து நின்றது.

அவள் பதறிப்போனாள். மண்ணை அவசர அவசரமாகத் தள்ளி மூடினாள். பனங்கையை நடுவதற்கென்று கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் அதன் அடியில் ஊற்றினாள். பிறகு எழுந்து வண்டித்தடம் வரை ஓடி, எருமை போன வழியில் கிடந்த சாணியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு உருட்டத் தெரியவில்லை, ஒழுகியது. வெட்டுவாயில் வைத்து, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தி, தான் இத்தனை வாரமும் பார்த்துப் பார்த்து வெறுத்த அதே மாதிரி வழித்துவிட்டாள். அள்ளிப் போட்ட முள்ளையெல்லாம் பொறுக்கி வந்து திரும்ப அடுக்கினாள். கையில் முள் கிழித்தது.

எல்லாம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெபம் ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் இது கீழே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது, நான் மேலே நின்று சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்கிற நினைப்பு மட்டும்தான். அந்த நினைப்பில் அழுகை வந்தது. மாசியில் வந்திருக்க வேண்டிய அழுகை. அந்தக் கல்லாங்காட்டில் கேட்க ஒருவரும் இல்லாததால் சத்தமாகவே அழுதாள்.

சாணிக் கையோடு சடையன் வீட்டு வாசலில் போய் நின்றபோது பொன்னாயிதான் முதலில் பார்த்தாள். கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அட, இந்தச் சீக்கு வாத்தியாரம்மாளுக்கும் தொத்திக்கிச்சா?" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து தானே அவள் கையைக் கழுவிவிட்டாள்.

சடையன் அவளோடு வந்து பார்த்தான். உரிந்த பட்டையை நகத்தால் லேசாகக் கீறினான். உள்ளே பச்சை. அவளையும் கீறிப் பார்க்கச் சொன்னான். நாலு மாதமும் துளிர்க்கவே இல்லையே என்று அவள் கேட்டாள். துளிர்த்தது என்றான் அவன். வைகாசி மழைக்கு இரண்டு தரம் துளிர் விட்டது, இரண்டு தரமும் ஆடு கடித்துப் போய்விட்டது, அதற்காகத்தான் முள் வைத்தேன் என்றான். முள்ளை எடுத்துப் போட்டது யார் என்று அவன் கேட்கவில்லை. வேர் அறுந்திருக்கிறதே, பிழைக்குமா என்று அவள்தான் கேட்டாள்.

"பத்து நாள் பொறுத்துப் பாக்கோணுங்க. இப்பச் சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கி, "ஏனுங்க, ஒரு கட்டைக்கு என்னத்துக்குங்க இத்தனை வெசனம்? இது போனா நா வேற வெச்சுத் தாரேன்" என்றான்.

அப்போது அவள் கிருபையின் கதையைச் சொன்னாள். வெள்ளைக் கல் போனதையும், அவர் கிழக்கு என்றதையும், தான் வடக்கு என்றதையும், இரண்டு பேரும் அடி அளந்ததையும் சொன்னாள். அந்த ஊரில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையை வைத்த இடம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும், இந்த இடம் எதுவரைக்கும் உங்களுடையது என்று மட்டும் கேட்டான். அவள் நாலு மூலையையும் காட்டினாள். காலால் நடந்து பார்த்துவிட்டு, வாரேனுங்க என்று போய்விட்டான்.

நாலாம் நாள் அவள் போனபோது தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் கிளுவைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. சடையன் கடப்பாரையால் வரிசையாகக் குழி போட்டுக்கொண்டிருந்தான். பொன்னாயி தலைச்சுமையாக இன்னொரு கட்டைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டாள். நடுவதற்கென்று வெட்டிய கிளைகளில் முப்பது நாற்பது போத்து ஏற்கெனவே நட்டாகியிருந்தது.

"இதெல்லாம் எதுக்குங்க, சடையண்ணா?"

அவன் குழியிலிருந்து நிமிரவில்லை. "எடந்தான் தெரியிலீன்னு சொன்னீங்களே. சுத்தி அடைச்சுப்போட்டாக் கெழக்கால இருந்தா என்னங்க, வடக்கால இருந்தா என்னங்க. பாப்பா வேலிக்குள்ளதான இருக்கும்."

அவள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு சாணி பொறுக்கப் போனாள்.

நாலு நாள் வேலை அது. அவன் நட்டுக்கொண்டே போவான். அவள் பின்னால் கூடையோடு போய் ஒவ்வொன்றின் தலையிலும் சாணி வைப்பாள். முதல் நாள் பொன்னாயி அவள் வைத்ததைப் பார்த்து, இது போத்துக்குச் சாணியா, பிள்ளைக்குச் சோறு ஊட்டி வாயைத் துடைக்காமல் விட்டதா என்று கேலி பண்ணினாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. முந்நூற்றுச் சொச்சம் போத்து. கடைசியில் தெற்குப் பக்கம் ஆள் மட்டும் உடம்பை ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு கடவு விட்டான். அதில் ஆடு நுழைய முடியாது.

பத்து நாள் என்றான், பதினேழு நாள் ஆனது. ஆடி முதல் வாரத்தில் இரண்டு நாள் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் சிலுவையில், சாணிக்கு ஒரு விரற்கடை கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு துவரம்பருப்பு அளவில் ஒரு பச்சை இருந்தது. அவள் தொடவில்லை. கிட்டப் போய் மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

அன்று மாலை பதிவேட்டைத் திறந்தாள். தேதி எழுதினாள். சௌந்திரம்: கிளுவையில் துளிர், என்று எழுதினாள். அடுத்த வரியில், நான் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தாள். அவர் எழுத்து சாய்ந்திருக்கும், அவள் எழுத்து நிமிர்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சாய்த்து எழுதிப் பார்த்தாள். அதற்கு மேல் எழுத அவளுக்கு உரிமையில்லை. அவர் அன்றைக்கு என்ன பார்த்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆவணி பிறந்ததும் வண்டியோடு போதகரே வந்தார். கிளம்புவதற்கு முன் கல்லறையில் ஜெபம் பண்ணுவோம் என்று கூட்டிக்கொண்டு போனவர், கடவில் நுழைந்ததும் நின்றுவிட்டார். சுற்றிலும் வேலி பொடிப் பொடியாகப் பச்சை பூசியிருந்தது. சிலுவையின் நெடுங்கட்டையில் அடி முதல் தலை வரை இலை. குறுக்குக் கட்டை மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது. அவர் தலைப்பாகையைக் கழற்றினார்.

"அற்புதம், அம்மா" என்றார். இதைச் சபைப் பத்திரிகைக்கு எழுத வேண்டும், சிலுவை துளிர்த்தது என்று தலைப்புப் போட வேண்டும் என்றார்.

"அற்புதம் இல்லீங்க ஐயா. கிளுவை அப்படித்தான். போத்து வெட்டி நட்டுச் சாணி வெச்சாத் துளிர்க்கும். இந்தப் பக்கம் எல்லாக் காட்டு வேலியும் அப்படி வந்ததுதான்."

போதகர் முகம் கொஞ்சம் வாடியது. தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் எழுத ஒன்றுமில்லை என்கிறாயா என்றார்.

அவள் யோசித்தாள். "அப்படித் துளிர்க்கிற மாதிரி அதைப் படைச்சிருக்காருங்க. நா அதைச் சுரண்டிச் சுரண்டி எறிஞ்சேன். அப்பவும் துளிர்த்துது. அவ்வளவுதானுங்க" என்றாள்.

அவர் அதை எழுதினாரா என்று தெரியாது. ஜெபம் சுருக்கமாக முடிந்தது.

சடையனும் பொன்னாயியும் கடவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். குறுக்குக் கட்டை ஆடுகிறது, மண் இல்லாததால் அது காயத்தான் செய்யும், நாரை மாற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறேன் என்றான் சடையன். அதுவும் அறுந்துவிட்டால் என்று அவள் கேட்டாள். அறுந்தால் திரும்பக் கட்டுவேன், ஆனால் நாலைந்து வருஷத்தில் மரம் பெருத்துக் குறுக்குக் கட்டையைத் தன் சதைக்குள் வாங்கிக்கொள்ளும், பிறகு யாரும் கட்ட வேண்டியதில்லை என்றான். பொன்னாயி வழிக்கென்று கம்பு ரொட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தாள். நாமக்கல்லில் சாணி கிடைக்குமோ என்னமோ என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

பனங்கைச் சிலுவையை என்ன செய்வது என்று தெரியாமல் சௌந்திரம் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். அது விடுதியில் வெகு காலம் துணி காயப்போடும் கொடிக்கம்பமாக நின்றது.

விடுதியில் தையல் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, மாலையில் அவளுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். கொல்லிமலை அங்கிருந்தும் தெரிந்தது, ஆனால் அதைச் சொல்லக் கூடாது. அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, அன்றைக்குக் கண்டதில் ஒன்றை வாய்விட்டுச் சொல்வாள். எறும்பு ஒன்று தன்னைவிடப் பெரிய அரிசி உமியைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு போனது. முருங்கைப்பூ விழுந்ததில் வண்டு ஒன்று பூவோடு சேர்ந்து விழுந்து, பிறகுதான் விஷயம் தெரிந்து பறந்தது. சில நாள் ஒன்றும் கிடைக்காது. அப்போது, இன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்பாள். அதையும் எழுதி வைப்பாள்.

சொல்லி முடித்ததும், அவர் தம்முடையதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பாள். அவர் இழுத்து இழுத்துத்தான் சொல்வார். பிறகு கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்குவாள்.